ஐடிஐ வாத்தியார் ஆக பி.இ. கட்டாயமில்லை

தொழிற்சாலையில் பல வருடம் ஃபிட்டராக இருப்பவரிடம், "ஐடிஐ பயிற்றுநர் வேலைக்கு ஏன் போகக் கூடாது?" என்று கேட்டுப் பாருங்கள். "அதுக்கெல்லாம் டிப்ளமோ, பி.இ. கேப்பாங்க சார், நாம வெறும் ஐடிஐதானே" என்பார். கோவையில் கேட்டாலும் ஓசூரில் கேட்டாலும் இதே பதில்தான் வரும். அந்தப் பதில் தவறு. அதை நம்பியதால் வகுப்புக்கு வராமலே போன நல்ல கைகள் எத்தனையோ.

மத்திய அரசின் பயிற்சி இயக்குநரகமான டிஜிடி, ஒவ்வொரு டிரேடுக்கும் பாடத்திட்டப் புத்தகம் வெளியிடுகிறது. மாணவர் என்ன படிக்க வேண்டும் என்பதோடு, அவருக்குப் பாடம் எடுப்பவர் யாராக இருக்க வேண்டும் என்பதும் அதிலேயே அச்சாகியிருக்கிறது. பொறியியல் டிரேடுகளில் மூன்று வாசல்கள் உண்டு. பொறியியல் பட்டம் பெற்றவருக்கு அந்தத் துறையில் 1 ஆண்டு அனுபவம் வேண்டும். மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவருக்கு 2 ஆண்டு. ஐடிஐ முடித்து வாங்கும் தேசியத் தொழிற்சான்றிதழான என்டிசி, அல்லது அப்ரண்டிஸ் முடித்து வாங்கும் என்ஏசி வைத்திருப்பவருக்கு 3 ஆண்டு. வயது 21 நிறைந்திருக்க வேண்டும்.

அதற்குக் கீழே இருக்கும் குறிப்பைத்தான் பலரும் படிப்பதில்லை. இரண்டு பயிற்றுநர்கள் தேவைப்படும் யூனிட்டில் ஒருவர் பட்டமோ டிப்ளமோ பெற்றவராக இருக்க வேண்டும், மற்றவர் என்டிசி அல்லது என்ஏசி பெற்றவராக இருக்க வேண்டும். அதாவது ஐடிஐ படித்தவரை யாரும் பெரிய மனது வைத்துச் சேர்த்துக்கொள்வதில்லை. அந்த இடமே அவருக்கென்று ஒதுக்கப்பட்டது. முதலாண்டு, இரண்டாம் ஆண்டு என இரண்டு பிரிவாக ஓடும் ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீசியன் போன்ற டிரேடுகளில் இந்த இடம் இருக்கும்.

இந்த ஏற்பாடு நியாயமானது என்றே நினைக்கிறேன். டிராயிங்கையும் கணக்கையும் பொருளின் குணத்தையும் விளக்கப் படிப்பு வேண்டும். அரத்தைப் பிடித்த கை எந்தக் கோணத்தில் சாய்ந்தால் பரப்பு நடுவில் மேடு தட்டும் என்று, மாணவர் நிற்கும் நிலையைப் பார்த்தே சொல்லிவிட வருடக் கணக்கில் அரம் பிடித்திருக்க வேண்டும். ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு இந்த இரண்டு பேரும் தேவை.

ஆனால் இருவருக்கும் பொதுவாக ஒரு நிபந்தனை உண்டு. பி.இ. படித்தவரானாலும் ஐடிஐ படித்தவரானாலும் என்சிஐசி எனப்படும் தேசியக் கைவினைப் பயிற்றுநர் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். முறையாகப் படித்து வாங்கியதானாலும், ஆர்பிஎல் எனப்படும் முன்கற்றல் அங்கீகார வழியில் வாங்கியதானாலும் சரி. அந்தச் சான்றிதழுக்கான படிப்புதான் சிஐடிஎஸ்.

சிஐடிஎஸ்: ஓராண்டுப் படிப்பு

படிப்பு ஓராண்டு, மொத்தம் 1,200 மணி நேரம். டிரேடு செய்முறைக்கு 480 மணி, டிரேடு அறிவுக்கு 270 மணி. மீதமுள்ள 450 மணி நேரமும் கற்பிக்கும் முறைக்கு. அதில் 270 செய்முறை, 180 கோட்பாடு. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நேரத்தில் நீங்கள் படிப்பது உங்கள் டிரேடை அல்ல, அதை இன்னொருவருக்கு எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதை.

"இதற்கு ஒரு படிப்பு வேண்டுமா, எனக்குத் தொழில் தெரியாதா?" என்று கேட்கும் மூத்த தொழிலாளர்கள் உண்டு. தொழில் தெரியும் என்பதில் சந்தேகமே இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பல வருடம் ஒரே வேலையைச் செய்தவருக்குக் கை தானாக ஓடும். தான் என்ன செய்கிறோம் என்பதைப் பகுத்துச் சொல்ல அவருக்கு வராது. "இப்படித்தாம்ப்பா, பாத்துக்கோ" என்று மளமளவென்று செய்துகாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். பையன் பார்த்தது முடிந்த ஜாப்பை மட்டும்தான். அவன் தடுமாறும்போது அரத்தைப் பிடுங்கித் தானே முடித்துக் கொடுப்பது அடுத்த தவறு. ஜாப் அழகாக வரும், பையன் ஒன்றும் கற்றிருக்கமாட்டான்.

சிஐடிஎஸ் முதலில் உடைப்பது இந்தப் பழக்கத்தைத்தான். முதல் உலகப் போர்க் காலத்தில், அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களில் திடீரென்று ஆயிரக்கணக்கான புதியவர்களைப் பழக்க வேண்டிய கட்டாயம் வந்தபோது, சார்லஸ் ஆலன் என்ற தொழிற்கல்வியாளர் ஒரு முறையை வகுத்தார். மாணவரை ஆயத்தப்படுத்துவது, விளக்கிச் செய்துகாட்டுவது, அவரைச் செய்ய வைப்பது, கற்றாரா என்று சோதிப்பது என நான்கு படிகள். 1919ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். நூறு வருடம் கடந்தும் நம் ஊர் பயிற்றுநர்கள் எழுதும் லெசன் பிளானுக்கு அந்த நான்கு படிகள்தான் அடித்தளம்.

ஹேக்சா பிளேடால் ஒரு கம்பியை அறுக்கக் கற்றுக்கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் படியில், எதற்காக இதைக் கற்கிறோம், பிளேடு உடைந்தால் என்ன ஆகும் என்று பேசி மாணவரின் கவனத்தை இழுக்க வேண்டும். பல் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று அவரிடமே கேட்டு, ஏற்கெனவே என்ன தெரியும் என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாம் படியில், முதலில் வழக்கமான வேகத்தில் ஒருமுறை, பிறகு மெதுவாக ஒவ்வோர் அசைவையும் நிறுத்தி நிறுத்தி ஒருமுறை செய்துகாட்ட வேண்டும். மாணவர்கள் எதிரே நின்று பார்த்தால் இடது வலது மாறித் தெரியும் என்பதால் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். மூன்றாம் படியில் பேச்சைக் குறைத்து மாணவரைச் செய்யவிட வேண்டும். கை துறுதுறுக்கும், ஆனாலும் தொடக் கூடாது. நான்காம் படியில் அவர் தனியாகச் செய்ததை அளந்து பார்க்க வேண்டும். இந்த மூன்றாம் படிதான் அனுபவசாலிகளுக்கு மிகக் கடினமானது. ஓராண்டில் சக பயிற்சியாளர்கள் முன்னால் திரும்பத் திரும்பப் பாடம் எடுத்துத் திட்டு வாங்கினால்தான் அது வசப்படும்.

இதோடு ஜாப் ஷீட், ஆப்பரேஷன் ஷீட் எழுதுவது, கேள்வித்தாள் தயாரிப்பது, மாணவர் மனநிலை, ஒர்க்‌ஷாப் நிர்வாகம் எல்லாம் உண்டு. தேர்ச்சிக்கு டிரேடு செய்முறை, கற்பித்தல் செய்முறை, உள்மதிப்பீடு ஆகியவற்றில் குறைந்தது 60 சதவீதமும் மற்ற பாடங்களில் 40 சதவீதமும் வேண்டும். எழுத்துத் தேர்வைவிடச் செய்முறையில் வேலி உயரம் என்பதைக் கவனியுங்கள். மனப்பாடம் இங்கே கைகொடுக்காது.

எங்கே படிப்பது? டிஜிடியின் கீழுள்ள என்எஸ்டிஐ எனப்படும் தேசியத் திறன் பயிற்சி நிறுவனங்களில் படிக்கலாம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அருகில் இருப்பது சென்னை கிண்டியில் உள்ளது. ஏடிஐ என்று பழைய தலைமுறை இன்றும் சொல்வது அதைத்தான். பெண்களுக்கெனத் தனி என்எஸ்டிஐகள் பெங்களூரிலும் திருவனந்தபுரத்திலும் உண்டு. சேர்க்கைக்கு ஏஐசிஇடி என்ற அகில இந்தியப் பொது நுழைவுத் தேர்வு நடக்கிறது. அதற்கான விண்ணப்பப் பணியைப் பார்ப்பதும் கிண்டியில் இருக்கும் நிறுவனமான நிமிதான். 1986ல் ஜெர்மனியின் உதவியோடு தொடங்கிய அந்த நிறுவனம், ஐடிஐ பாடநூல்களைத் தமிழ் உள்பட இந்திய மொழிகளில் வெளியிடுகிறது. நுழைவுத் தேர்வுக்குத் தயாராவதற்கு உங்கள் டிரேடின் நிமி புத்தகங்களைத் திரும்ப எடுத்தாலே பாதி வேலை முடியும்.

என்டிசி வைத்திருப்பவரும் டிப்ளமோக்காரரும் பட்டதாரியும் இந்தப் படிப்பில் சேரலாம். முதலில் சிஐடிஎஸ்ஸா, முதலில் வேலை அனுபவமா என்று பலர் குழம்புகிறார்கள். இரண்டும் சட்டப்படி சரி. என் கருத்து, மூன்று நான்கு வருடம் தொழிற்சாலையில் கழித்துவிட்டுப் போவதே நல்லது. ஷிஃப்ட், உற்பத்தி இலக்கு, கஸ்டமர் திருப்பி அனுப்பிய ஜாப் எல்லாம் பார்த்தவர் வகுப்பில் சொல்லும் உதாரணத்துக்குத் தனி வலு இருக்கும். ஆனால் வீட்டில் பொறுப்புகள் கூடியபின் ஓராண்டு சம்பளமில்லாமல் இருப்பது பலருக்கு முடிவதில்லை. உங்கள் நிலைமை அப்படியென்றால், ஐடிஐ முடித்த கையோடு சிஐடிஎஸ் முடித்துவிட்டு அனுபவத்தைப் பின்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் கையில் இருந்தால் அது காத்திருக்கும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். தமிழில் ஐடிஐ முடித்தவர் சிஐடிஎஸ் வகுப்பில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. கற்பித்தல் முறை, உளவியல் போன்ற பாடங்களில் புதிய சொற்கள் நிறைய வரும். சேர்வதற்குச் சில மாதம் முன்பே அந்தப் பாடப்புத்தகத்தை வாங்கிப் புரட்டி, சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள். தமிழில் வகுப்பெடுக்கப் போகிறவருக்கு, கற்பிக்கும் கலையையும் தமிழில் சொல்லித்தர அரசு வழிசெய்ய வேண்டும். நிமி தமிழில் இவ்வளவு நூல்களைக் கொண்டுவந்திருக்கும்போது இதுவும் முடியாததல்ல.

அனுபவச் சான்று: இங்கேதான் விண்ணப்பங்கள் விழுகின்றன

மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும் என்று சொல்வது சுலபம். அதைத் தாளில் காட்டுவதுதான் பாடு. நம் தொழிற்பேட்டைகளில் பாதிப் பேர் காண்ட்ராக்டில் வேலை பார்க்கிறார்கள். பெரிய கம்பெனியின் ஷெட்டுக்குள் நின்று வேலை செய்திருப்பார், சம்பளச் சீட்டிலோ யாரோ ஓர் ஆள் சப்ளை ஏஜென்சியின் பெயர் இருக்கும். அந்தக் கம்பெனி சான்றிதழ் தராது. ஏஜென்சி கொடுத்த கடிதத்திலோ 'நன்னடத்தை உள்ளவர்' என்று மட்டும் இருக்கும், என்ன வேலை செய்தார் என்று ஒரு வார்த்தை இருக்காது.

அதனால் வேலையை விட்டு நிற்கும் முன்பே கேட்டு வாங்குங்கள். லெட்டர்ஹெட்டில், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவியின் பெயர், செய்த வேலையின் விவரம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். 'ஆப்பரேட்டர்' என்று மட்டும் போட்டால் போதாது. 'சிஎன்சி டர்னிங் சென்டரில் செட்டிங், ஆப்பரேஷன், அளவு பரிசோதனை' என்று இருந்தால்தான் டர்னர், மெஷினிஸ்ட் டிரேடுக்கு அது தொடர்புள்ள அனுபவம் என்று பரிசீலிப்பவருக்குப் புரியும். சான்றிதழுக்குத் துணையாக பிஎஃப் கணக்கின் சர்வீஸ் ஹிஸ்டரியை யுஏஎன் எண்ணைக் கொண்டு எடுத்து வையுங்கள். எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று அதில் வந்துவிடும். பிஎஃப் பிடிக்காத சின்ன ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தவர்கள் சம்பளம் வங்கியில் வந்த பாஸ்புக் பக்கங்களையாவது பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்று: என்டிசி வாங்கிய பிறகான அனுபவத்தைத்தான் பெரும்பாலும் கணக்கில் எடுப்பார்கள். படிக்கும் காலத்தில் அப்பாவின் பட்டறையில் செய்த வேலை உங்கள் கைக்கு நல்லது, விண்ணப்பத்துக்கு உதவாது.

அரசு ஐடிஐகளில் இந்தப் பணியிடங்களுக்கு இளநிலைப் பயிற்சி அலுவலர், உதவிப் பயிற்சி அலுவலர் என்ற பெயர்கள் புழக்கத்தில் உள்ளன. டிஜிடியின் தகுதிக்கு மேல், வயது வரம்பு, இடஒதுக்கீடு, தமிழ்த் தகுதித் தேர்வு போன்ற மாநில விதிகளும் சேரும். அறிவிப்பு வரும்போது அதன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள், வாட்ஸ்அப்பில் வரும் சுருக்கத்தை நம்பி விண்ணப்பிக்காதீர்கள். தனியார் ஐடிஐகள் நேரடியாக ஆள் எடுக்கின்றன. சம்பளம் குறைவு என்பது உண்மை, ஆனால் கற்பித்த அனுபவம் அங்கே சேரும்.

டிரேடு படிக்காதவர்களுக்கும் ஐடிஐயில் ஓர் இடம் உண்டு. எம்ப்ளாயபிலிட்டி ஸ்கில்ஸ் என்ற பாடம் எல்லா டிரேடுக்கும் பொது. எந்தப் பட்டமானாலும் டிப்ளமோவானாலும் 2 ஆண்டு அனுபவமும் அந்தப் பாடத்துக்கான குறுகிய காலப் பயிற்றுநர் பயிற்சியும் இருந்தால் போதும். பன்னிரண்டாம் வகுப்பிலோ அதற்கு மேலோ ஆங்கிலமும் அடிப்படைக் கணினியும் படித்திருக்க வேண்டும். கலைக் கல்லூரியில் படித்துவிட்டு மனிதவளத் துறையிலோ வாடிக்கையாளர் சேவையிலோ இருப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

குறுகிய காலப் பயிற்சி மையங்கள்

ஐடிஐ நீண்ட பாதை. சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை நடக்கும் திறன் பயிற்சிகள் வேறு உலகம். 2015ல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டமான பிஎம்கேவிஒய், மாநில அளவில் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்தும் பயிற்சிகள் எல்லாம் இதில் வரும். இங்கே சிஐடிஎஸ் கேட்க மாட்டார்கள். தையல் இயந்திர ஆப்பரேட்டர், நோயாளிப் பராமரிப்பு உதவியாளர் என ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தகுதித் தொகுப்பு இருக்கிறது. அதற்கான மாதிரிப் பாடத்திட்டத்தின் பின்னிணைப்பில் பயிற்றுநருக்கு என்ன படிப்பு, எத்தனை ஆண்டு தொழில் அனுபவம், எத்தனை ஆண்டு கற்பித்த அனுபவம் வேண்டும் என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கும்.

அதோடு இரண்டு சான்றிதழ்கள் வேண்டும். முதலாவது, அந்த வேலை உங்களுக்குத் தெரியும் என்பதற்கு. இரண்டாவது, கற்பிக்கத் தெரியும் என்பதற்கு. இந்த இரண்டாவதன் குறியீடு எம்இபி/க்யூ2601. பெரும்பாலான தொகுப்புகளில் இரண்டிலும் 80 சதவீத மதிப்பெண் கேட்கிறார்கள். துறைவாரியான திறன் கவுன்சில்கள் சில நாள் நடத்தும் டிஓடி என்ற பயிற்றுநர் பயிற்சியின் முடிவில் தேர்வு எழுதி இவற்றை வாங்கலாம். பல சான்றிதழ்களில் செல்லுபடியாகும் தேதி அச்சிட்டிருக்கும். தேதி முடிந்த சான்றிதழோடு ஒரு பேட்ச் தொடங்கிவிட முடியாது என்பதால் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் லைன் சூப்பர்வைசராக இருக்கும் பெண்களுக்கு இந்த வழி நன்றாகப் பொருந்தும் என்று உறுதியாகச் சொல்வேன். புதிதாக வரும் பெண்ணுக்கு ஓவர்லாக் மெஷினில் நூல் கோக்கச் சொல்லிக்கொடுத்து, சில வாரத்தில் அவளை டார்கெட் எடுக்க வைப்பது அவர்கள் தினமும் செய்யும் வேலை. அவர்களிடம் இல்லாதது தாள் மட்டும்தான்.

மதிப்பீட்டாளர்: வேறு வேலை, வேறு மனது

பயிற்றுநரையும் மதிப்பீட்டாளரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். மாணவர் தவறு செய்யும்போது பயிற்றுநர் உதவ வேண்டும். மதிப்பீட்டாளர் உதவவே கூடாது. மாணவர் வெல்டிங் கரண்டைத் தவறாக வைக்கும்போது 'கொஞ்சம் குறைச்சுப் பாரேன்' என்று வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கிவிட்டுக் குறிப்பு மட்டும் எழுதுவது நல்ல மனிதர்களுக்குக் கஷ்டமான காரியம். ஆனால் மதிப்பீடு என்பது அதுதான்.

இவருக்கான தகுதியும் அதே பின்னிணைப்பில் தனிக் கட்டமாக இருக்கும். கற்பிக்கும் சான்றிதழுக்குப் பதில் எம்இபி/க்யூ2701 என்ற மதிப்பீட்டாளர் சான்றிதழ், டிஓடிக்குப் பதில் டிஓஏ பயிற்சி. 2018 டிசம்பரில் அரசாணையால் அமைந்து 2020ல் செயல்படத் தொடங்கிய தேசியத் தொழிற்கல்வி, பயிற்சிக் கவுன்சிலான என்சிவிஇடி, சான்று வழங்கும் அமைப்புகளுக்கும் மதிப்பீட்டு முகமைகளுக்கும் அங்கீகாரம் தருகிறது. மதிப்பீட்டாளர்கள் இந்த முகமைகள் வழியாகத்தான் வேலை பெறுகிறார்கள், பெரும்பாலும் பேட்ச் கணக்கில் பணம். நிரந்தரச் சம்பளத்தை எதிர்பார்த்து இதற்குள் வராதீர்கள். தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும், சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருத்தமான துணை வேலை. தான் பயிற்சி கொடுத்த பேட்ச்சைத் தானே மதிப்பிடக் கூடாது என்பது இதன் அடிப்படை விதி.

நல்ல மதிப்பீட்டாளர் முடிந்த ஜாப்பை மட்டும் பார்ப்பதில்லை, வேலை தொடங்கிய விதத்திலிருந்தே பார்ப்பார். வீட்டு ஒயரிங் செய்முறைத் தேர்வில் விளக்கு எரிந்தது என்பதற்காக மதிப்பெண் போட்டுவிடக் கூடாது. மெயினை அணைத்தாரா, அணைத்தபின் டெஸ்டர் வைத்துப் பார்த்தாரா, ஸ்விட்ச் ஃபேஸ் ஒயரில் இருக்கிறதா நியூட்ரலில் இருக்கிறதா, எர்த் இணைத்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். நியூட்ரலில் ஸ்விட்ச் வைத்தாலும் விளக்கு எரியும். ஸ்விட்சை அணைத்துவிட்டு ஹோல்டரைத் தொடுகிறவருக்கு ஷாக் அடிக்கும். விளக்கு எரிவதை மட்டும் பார்த்துத் தேர்ச்சி போட்ட மதிப்பீட்டாளர், அந்த வீட்டுக்காரரின் உயிரோடு விளையாடியிருக்கிறார்.

எவ்வளவு மதிப்பெண் என்பதற்கும் டிஜிடி ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது, படிக்கவே நன்றாக இருக்கும். அவ்வப்போது வழிகாட்டல் தேவைப்பட்டு, ஏற்கத்தக்க தரத்தில் வேலை செய்தால் 60 முதல் 75 சதவீதம். கொஞ்சமே வழிகாட்டல் போதுமென்றால் 75 முதல் 90. கிட்டத்தட்டத் துணையே இல்லாமல் உயர்ந்த தரத்தில் செய்தால் 90க்கு மேல். அழகை வைத்தோ, மையத்தின் பெயரை வைத்தோ, பையனின் குடும்ப நிலைமையை வைத்தோ மதிப்பெண் இல்லை. எவ்வளவு தனியாக நின்றார் என்பதே கேள்வி. இரண்டு மதிப்பீட்டாளர்கள் தனித்தனியாக ஒரே ஜாப்பைப் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் வர வேண்டும். வராவிட்டால் அவர்களில் ஒருவர் அளவுகோலைப் பார்க்காமல் மனதுக்குப் பட்டதைப் போட்டிருக்கிறார்.

நெருக்கடியும் வரும், மறைக்க வேண்டாம். பயிற்சி மையத்துக்கு அரசிடமிருந்து வர வேண்டிய தொகையில் ஒரு பகுதி மாணவர் தேர்ச்சியோடு கட்டப்பட்டிருக்கும் திட்டங்கள் உண்டு. ஆகவே மையத்தில் உபசாரம் பலமாக இருக்கும். 'எல்லாரும் ஏழைப் பசங்க சார், பாத்துப் போடுங்க' என்பார்கள். தேர்வு நடந்த இடத்தின் படம், நேரமும் இடமும் பதிவான செய்முறைப் படங்கள், வீடியோ, வருகைப் பதிவு எல்லாவற்றையும் மதிப்பீட்டாளர் திரட்டித் தர வேண்டும் என்று விதிகள் கேட்பது இதற்காகத்தான். இந்த ஆதாரங்களைச் சுமையாக நினைக்காதீர்கள். நேர்மையாக ஒருவரைத் தேர்ச்சி பெறாதவர் என்று எழுதிய நாளில் உங்களைக் காப்பாற்றுவது அவைதான். ஏழைப் பையனுக்குப் பொய்த் தேர்ச்சி போடுவது உதவியே அல்ல. முதல் வாரத்திலேயே வேலையிடத்தில் அவன் அம்பலப்படுவான், அவனோடு அதே சான்றிதழ் வாங்கிய நல்ல பையனின் மதிப்பும் விழும்.

இப்போது ஏன் நல்ல நேரம்

தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகள் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, சுமார் 2,877 கோடி ரூபாயில் தொழில் 4.0 மையங்களாகத் தரம் உயர்த்தப்பட்டிருக்கின்றன. ரோபோ, உயர்நிலை சிஎன்சி, மின் வாகனம் என்று புதிய டிரேடுகள் வந்திருக்கின்றன. இயந்திரம் வாங்கிவிடலாம், அதை ஓட்டிக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். சிஎன்சி புரோகிராமிங் செய்பவர்களும் தொழிற்சாலையில் ரோபோ செல்லைப் பராமரிப்பவர்களும் இன்று வெளியேதான் இருக்கிறார்கள்.

மத்திய அமைச்சரவை 2025 மே மாதம் 60,000 கோடி ரூபாயில் ஐடிஐ மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆயிரம் அரசு ஐடிஐகளைத் தரம் உயர்த்துவதோடு, ஐந்து என்எஸ்டிஐகளின் பயிற்றுநர் பயிற்சி வசதிகளையும் வலுப்படுத்துவது அதன் நோக்கம். அந்த ஐந்தில் சென்னையும் ஒன்று, மற்றவை ஐதராபாத், புவனேஸ்வர், கான்பூர், லூதியானா. 50,000 பயிற்றுநர்களுக்குப் பயிற்சி தருவது இலக்கு. பணியில் சேரும் முன் எடுக்கும் பயிற்சி, பணியில் இருக்கும்போது எடுக்கும் பயிற்சி இரண்டும் அதில் அடக்கம். இவ்வளவு காலம் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் போன கவனம் வாத்தியார் பக்கம் திரும்புவது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. ஐடிஐயில் மாணவர் எதைக் கற்றுப் போகிறார் என்பதை ஒர்க்‌ஷாப்பில் அவர் பக்கத்தில் நிற்பவரே தீர்மானிக்கிறார்.

இந்தத் தேவையை மோப்பம் பிடித்து, 'வகுப்புக்கு வராமலே சிஐடிஎஸ்' என்று விற்க வரும் ஆட்களிடம் எச்சரிக்கை. வகுப்பறையில் நிற்காமல் கற்பிக்கும் செய்முறையில் 60 சதவீதம் வாங்க முடியாது. என்சிஐசி எண்ணை அரசு இணையதளத்தில் சரிபார்த்துவிடுவார்கள், அங்கே பெயர் இல்லாத சான்றிதழ் உங்களை வேலையிலிருந்து மட்டுமல்ல, வழக்கிலும் கொண்டுபோய் நிறுத்தும்.

இந்த வாரமே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. டிஜிடியின் பாரத் ஸ்கில்ஸ் இணையதளத்துக்குப் போய் உங்கள் டிரேடின் பாடத்திட்டத்தைப் பதிவிறக்குங்கள், பயிற்றுநர் தகுதிப் பகுதியை அச்செடுத்து உங்கள் சான்றிதழ்களோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். என்ன குறைகிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். குறைவது அனுபவச் சான்று என்றால் நாளைக்கே மேனேஜரிடம் கேளுங்கள். சிஐடிஎஸ் என்றால் அடுத்த ஏஐசிஇடி அறிவிப்புக்குக் காத்திருக்காமல் நிமி புத்தகத்தை இன்றே எடுங்கள்.